அண்டி ஆபீஸ் விரலும் ரப்பர் தோட்டத்து இருட்டும்: செல்போனுக்குக் கைரேகைப் பூட்டா, முகப் பூட்டா?

“மக்களே, எனக்க வெரலு மெசின்ல பதிய மாட்டேங்கு. நீ உனக்க வெரல வையி.”

தக்கலை, திருவட்டாறு, மார்த்தாண்டம் பக்கத்து ரேஷன் கடைகளுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. முந்திரி ஆலையில் (ஊர்க்காரர்களுக்கு அது ‘அண்டி ஆபீஸ்’) வேலை பார்க்கும் பெண்கள், ரப்பர் பால் வெட்டுபவர்கள், கொத்தனார்கள், வயதானவர்கள் என்று விரல் ரேகை மங்கிப்போனவர்கள் குமரி மாவட்டத்தில் நிறைய உண்டு. மெஷின் முன்னால் விரலைத் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்து, கடைசியில் வீட்டில் வேறொருவரைக் கூப்பிடுவது பலருக்கும் பழகிப்போன விஷயம்.

அந்தப் பழக்கம் அப்படியே செல்போனுக்கும் வந்துவிட்டது. புதுப் போன் வாங்கியதும் மகனோ மகளோ அம்மாவின் விரலை இரண்டு தடவை வைத்துப் பார்க்கிறார்கள். எடுக்கவில்லை என்றால், “விடும்மா, எனக்க வெரலப் போட்டுத் தாறேன்” என்று தங்கள் விரலைப் பதிந்து கொடுக்கிறார்கள். சிலர் முகத்தைப் பதிகிறார்கள். சிலர் பூட்டே போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் இன்றைக்கு அந்தப் போனில்தான் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வந்ததற்கான மெசேஜ் வருகிறது. வங்கியின் ஓடிபி வருகிறது. ஜிபே, போன்பே இருக்கிறது. போனின் பூட்டு, வீட்டுப் பீரோவின் பூட்டு மாதிரி ஆகிவிட்டது. அப்படியானால் எந்தப் பூட்டைப் போடுவது? கைரேகையா, முகமா? ஏசி அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்லும் பதில் அண்டி ஆபீஸ்காரருக்குப் பொருந்தாது. ஏன் என்று பார்ப்போம்.

விரல் ஏன் பதிவதில்லை?

விரல் நுனியில் உள்ள மேடும் பள்ளமுமான கோடுகள்தான் ரேகை. குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும் மூன்றாம், நான்காம் மாதங்களிலேயே இது உருவாகிவிடுகிறது. மரபணு மட்டுமல்லாமல் கருப்பையில் நடக்கும் சின்னச் சின்ன மாற்றங்களும் சேர்ந்து தீர்மானிப்பதால், ஒரே சாயலில் பிறக்கும் இரட்டையர்களுக்கும்கூட ரேகை வேறு வேறுதான்.

ரேகையின் அச்சு மேல்தோலில் இல்லை, அதற்கு அடியிலுள்ள தோல் அடுக்கில் இருக்கிறது. அதனால் மேல்தோல் தேய்ந்தால் ரேகை மங்கும். வேலைக்குச் சில வாரங்கள் ஓய்வு கொடுத்தால் அதே ரேகை திரும்ப வளர்ந்துவிடும். அடி அடுக்கு வரை போன தீக்காயமும் வெட்டுத் தழும்பும்தான் நிலையாக நின்றுவிடும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் காரமான எண்ணெய் ஒன்று இருக்கிறது. அதிலுள்ள அனகார்டிக் அமிலம், கார்டால் போன்ற பொருட்கள் தோலைப் பொசுக்கக்கூடியவை. கொட்டையை உடைத்துப் பருப்பை எடுப்பவரின் விரலில் அந்த எண்ணெய் நாள் முழுக்கப் படுகிறது. கொட்டையைப் பிடிக்கும் கையின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் முதலில் கறுத்து, தோல் உரிந்து, வழவழப்பாகிவிடும். ரேஷன் மெஷினும் செல்போனும் வழக்கமாகக் கேட்பது அதே இரண்டு விரல்களைத்தான்.

ரப்பரில் பிரச்சினை வேறு. தமிழ்நாட்டில் ரப்பர் என்றாலே குமரி மாவட்டம்தான். 1984இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு என்று மலையோரத்தில் இருக்கின்றன. இவை போக வீட்டுக்கு வீடு சின்னத் தோட்டங்களும் உண்டு. விடியும் முன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும் என்பதால், தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே வெட்டுக்குப் போகிறார்கள். கையில் படும் பால் உறைந்து விரலில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. ரேகை அழியவில்லை, மூடிக்கிடக்கிறது.

கொத்து வேலையில் சிமெண்டின் காரத்தன்மை தோலை அரிக்கிறது. கடலில் போய் வருபவர்களுக்கு நெடுநேரம் தண்ணீரில் ஊறி விரல் சுருங்கிப்போகிறது. வயது கூடக்கூடத் தோல் வறண்டு ரேகையின் மேடுகள் தட்டையாகின்றன.

மருந்தும் இதைச் செய்யும். கேப்சைடபின் என்ற புற்றுநோய் மருந்தை நீண்ட நாள் சாப்பிட்டு வந்த சிங்கப்பூரைச் சேர்ந்த 62 வயது ஒருவர், 2008 டிசம்பரில் அமெரிக்க விமான நிலையத்தில் ரேகை பதியாததால் பல மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் இதை 2009இல் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதியபோதுதான் பலருக்கும் விஷயம் தெரியவந்தது.

ரேஷன் மெஷினும் செல்போனும் ஒன்றா?

இல்லை. இந்த இடத்தில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

ஆதார் எடுக்கும்போது 10 விரல் ரேகைகள், 2 கருவிழிகள், முகத்தின் படம் ஆகியவை பதிவாகின்றன. ரேஷன் கடையில் நீங்கள் விரலை வைத்தால், அந்த ரேகை ஆதார் ஆணையத்தின் சர்வருக்குப் போய், எப்போதோ எடுத்த பழைய பதிவுடன் ஒப்பிடப்படுகிறது. பத்து வருடத்துக்கு முன்பு இருந்த விரலும் இன்றைய விரலும் ஒத்துப்போகாவிட்டால் மெஷின் மறுத்துவிடும். ரேகை பதியாதவர்களுக்காகத்தான் தமிழக ரேஷன் கடைகளில் கருவிழி சரிபார்ப்புக் கருவிகள் கொண்டுவரப்பட்டன.

செல்போன் அப்படியில்லை. ஒப்பீடு முழுக்கப் போனுக்குள்ளேயே நடக்கிறது. ஒப்பிடுவது ஆதார் பதிவோடு அல்ல, நேற்றோ போன மாதமோ நீங்களே அந்தப் போனில் பதிந்த ரேகையோடு. ஒத்துவரவில்லை என்றால் அழித்துவிட்டு இன்றைக்கே புதிதாகப் பதியலாம். இ-சேவை மையத்துக்கு அலைய வேண்டாம், யாரிடமும் கேட்க வேண்டாம். ஆகவே, ரேஷன் மெஷினில் பதியாத விரல் போனிலும் பதியாது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

இன்னொரு பயம், “போன்ல வெரல வச்சா அது எங்கயாவது பெயிருமா?” என்பது. முறையாகத் தயாரிக்கப்பட்ட போன்களில் ரேகையின் படம் அப்படியே சேமிக்கப்படுவதில்லை. அது கணக்குக் குறியீடாக மாற்றப்பட்டு, பிராசஸரில் தனியாகப் பிரித்து வைக்கப்பட்ட பாதுகாப்பான பகுதியில் இருக்கிறது. வங்கிச் செயலிக்குக்கூட உங்கள் ரேகை கிடைக்காது. ‘ஆமாம், பொருந்துகிறது’ அல்லது ‘இல்லை’ என்ற பதில் மட்டுமே கிடைக்கும்.

ஓய்வூதியர்களின் உயிர்வாழ் சான்றிதழுக்கு 2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டும் வசதி வந்திருக்கிறது. போன் கேமராவில்தான் செய்கிறோம் என்றாலும் அதுவும் ஆதார் சர்வரோடு நடக்கும் ஒப்பீடுதான். போனின் முகப் பூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கைரேகைப் பூட்டில் மூன்று வகை

ஐபோன் 5எஸ் மாடலில் 2013 செப்டம்பரில் ‘டச் ஐடி’ வந்த பிறகுதான் கைரேகைப் பூட்டு பரவலானது. 2015இல் ஆண்ட்ராய்டு 6 வந்தபோது அந்த வசதி ஆண்ட்ராய்டுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. இன்று விற்கும் போன்களில் மூன்று விதமான சென்சார்கள் இருக்கின்றன.

முதலாவது, பவர் பட்டனிலோ போனின் முதுகிலோ இருப்பது. ரேகையின் மேடு சென்சாரைத் தொடும், பள்ளம் தொடாது. அந்த வித்தியாசத்தால் மாறும் மின்னூட்டத்தை அளந்து ரேகையை வரைகிறது. விலை குறைவு, வேகமானது. ஆனால் விரல் ஈரமாக இருந்தால் பள்ளத்திலும் தண்ணீர் நிரம்பி மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற தக்கலையில் இது சின்ன விஷயமில்லை.

இரண்டாவது, திரைக்கு அடியில் இருக்கும் ஒளி சென்சார். விரல் வைத்த இடத்தில் திரை பளிச்சென்று எரிந்து, ரேகையைப் படம் பிடிக்கிறது. 2018இல் விவோ நிறுவனம் இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்போது நடுத்தர விலைப் போன்களிலும் வந்துவிட்டது. விரல் மிகவும் வறண்டிருந்தாலோ, திரையில் மட்டமான ஸ்கிரீன் கார்டு ஒட்டியிருந்தாலோ தடுமாறும்.

மூன்றாவது, ஒலி அலையால் ரேகையை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார். மேடு பள்ளத்தின் ஆழத்தையும் பார்ப்பதால் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் சமாளிக்கும். விலை உயர்ந்த போன்களில்தான் பெரும்பாலும் இருக்கிறது. இதிலும் கோளாறு வந்ததுண்டு. 2019 அக்டோபரில், சில சிலிக்கான் திரை உறைகளைப் போட்டால் சாம்சங் கேலக்ஸி எஸ்10 போன்கள் பதியாத விரலுக்கும் திறந்துகொள்வது தெரியவந்தது. சாம்சங் அவசரமாக அப்டேட் கொடுத்துச் சரிசெய்தது.

முகப் பூட்டில் இரண்டு வகை

கைரேகையைவிட முகத்தில் தரத்தின் இடைவெளி பெரியது. ‘ஃபேஸ் அன்லாக்’ என்று ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன என்று சொன்னால் தப்பில்லை.

ஒன்று, சாதாரண செல்ஃபி கேமராவால் முகத்தைப் படமாகப் பார்ப்பது. 2011இல் ஆண்ட்ராய்டு 4 பதிப்பில் இது வந்தபோதே, உரியவரின் போட்டோவைக் காட்டினாலும் திறக்கிறது என்று தெரிந்துவிட்டது. அடுத்த பதிப்பில் கண் சிமிட்டச் சொல்லிப் பார்த்தார்கள். அதன்பின் எவ்வளவோ முன்னேறியிருந்தாலும், விலை குறைந்த பல போன்களில் அடிப்படை இன்னும் அதே கேமராதான். வெளிச்சம் இல்லையென்றால் அதற்குக் கண் தெரியாது.

இரண்டாவது, முகத்தின் ஆழத்தை அளப்பது. 2017இல் ஐபோன் எக்ஸில் வந்த ‘ஃபேஸ் ஐடி’ இந்த வகை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் 30,000க்கும் மேற்பட்ட புள்ளிகளை முகத்தின் மீது பாய்ச்சி, மூக்கின் உயரம், கண்குழியின் ஆழம் வரை ஒரு வரைபடம் தயாரிக்கிறது. தட்டையான போட்டோவுக்கு ஆழம் கிடையாது என்பதால் ஏமாறாது. சொந்த வெளிச்சம் இருப்பதால் கும்மிருட்டிலும் வேலை செய்யும். கண் திறந்து திரையைப் பார்க்கிறீர்களா என்பதையும் கவனிக்கும்.

அந்தக் கடைசி விஷயம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2019 அக்டோபரில் வந்த கூகுள் பிக்சல் 4 உதாரணம். அதிலும் ஆழத்தை அளக்கும் கருவிதான். ஆனால் உரிமையாளர் கண்ணை மூடித் தூங்கினாலும் போனை முகத்துக்கு நேரே பிடித்தால் திறந்துகொண்டது. கண் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அடுத்த வருடம்தான் அப்டேட்டில் சேர்த்தார்கள்.

எதை ஏமாற்றுவது எளிது?

முதலில் கம்பெனிக் கணக்கு. முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் போனை எடுத்து விரலை வைத்தால் அது திறக்கும் வாய்ப்பு 50,000இல் ஒன்று, முகத்தைக் காட்டினால் 10 லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று ஆப்பிள் சொல்கிறது. நாலு இலக்கப் பின் நம்பரை ஒரே முயற்சியில் ஊகிக்கும் வாய்ப்பு 10,000இல் ஒன்று. அப்படிப் பார்த்தால் இரண்டுமே பின் நம்பரைவிட மேல்.

ஆனால் இது ‘முன்பின் தெரியாத’ ஆளுக்கான கணக்கு. இரட்டையர்கள், சாயல் ஒத்த அண்ணன் தம்பிகள், 13 வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் விஷயத்தில் முகம் தவறாகப் பொருந்தும் வாய்ப்பு கூடும் என்று ஆப்பிளே சொல்லியிருக்கிறது. இரட்டையர்கள் அதிகம் பிறப்பதற்குப் பேர்போன ஊர் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலுள்ள கொடிஞ்ஞி. அங்கே போய்க் கேட்டால் கைரேகைதான் சரி என்பார்கள்.

வேண்டுமென்றே ஏமாற்றுபவர்கள் கதை வேறு. டச் ஐடி வெளிவந்த சில நாட்களிலேயே ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் அமைப்பினர், கண்ணாடியில் பதிந்திருந்த ரேகையைப் படமெடுத்துப் போலி விரல் செய்து திறந்து காட்டினார்கள். அடுத்த வருடம் அப்போதைய ஜெர்மன் பாதுகாப்பு அமைச்சரின் கையைத் தூரத்திலிருந்து எடுத்த போட்டோக்களை வைத்தே அவருடைய ரேகையை மறுபடி உருவாக்கினார்கள்.

நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2018இல் தெலங்கானாவில் சிம் கார்டு விற்பவர் ஒருவர், இணையத்தில் கிடைத்த பத்திரப்பதிவு ஆவணங்களில் இருந்த பெருவிரல் ரேகைகளை எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் முறையில் போலி ரேகை தயாரித்து, அவற்றால் ஆதார் சரிபார்ப்பு செய்து ஏராளமான சிம்களை ஆக்டிவேட் செய்ததாகப் போலீஸிடம் பிடிபட்டார். அங்கே ஏமாந்தது கடையின் ரேகை மெஷின், செல்போன் பூட்டு அல்ல. ஆனால் பாடம் இரண்டுக்கும் பொது: பத்திரத்தில், கண்ணாடி டம்ளரில், கதவுப் பிடியில் என்று நாம் தொட்ட இடமெல்லாம் ரேகையை விட்டுவிட்டு வருகிறோம். அது ரகசியம் அல்ல.

முகம் அதைவிட மோசம். ஃபேஸ்புக்கிலும் கல்யாண ஆல்பத்திலும் கிடக்கிறது. 2019 ஜனவரியில் நெதர்லாந்தின் நுகர்வோர் அமைப்பு 110 போன்களைச் சோதித்தபோது, 42 போன்கள் உரிமையாளரின் போட்டோவைக் காட்டியதும் திறந்துகொண்டன. ஆழம் அளக்கும் வகை தேறியது, சாதாரணக் கேமரா வகைகளில் பல தோற்றன.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் போலி விரல் செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. அசல் விரலே பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். 2017 நவம்பரில் தோஹாவிலிருந்து பாலித் தீவுக்குப் பறந்த விமானத்தில், தூங்கிய கணவரின் விரலை எடுத்து அவர் போனில் வைத்துத் திறந்தார் மனைவி. உள்ளே பார்த்த விஷயத்தால் நடுவானில் பெரிய சண்டையாகி, விமானத்தைச் சென்னையில் இறக்கி அந்தக் குடும்பத்தைக் கீழே விட்டுவிட்டுப் போனார்கள். தூங்குபவரிடமிருந்து கைரேகையை எடுக்கலாம், கண் திறந்திருக்க வேண்டும் என்று கேட்கும் முகப் பூட்டை அப்படித் திறக்க முடியாது. பின் நம்பரைத் தூக்கத்தில் யாரும் சொல்வதில்லை.

உங்கள் போனில் இருப்பது எந்த ரகம்?

ஆண்ட்ராய்டில் உடல் அடையாளப் பூட்டுகளை மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். எளிதில் ஏமாறாதது மூன்றாம் வகுப்பு. முதல் வகுப்பு வெறும் வசதிக்கானது. பணம் சார்ந்த செயலிகள் பொதுவாக மூன்றாம் வகுப்பை மட்டுமே நம்பும்.

இதைக் கண்டுபிடிக்க இன்ஜினீயர் தேவையில்லை. வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள். கைரேகை கேட்கிறது, ஆனால் நீங்கள் முகத்தைப் பதிந்திருந்தும் முகத்தை ஏற்கவில்லை என்றால், உங்கள் போனின் முகப் பூட்டு பலவீனமான ரகமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். முகத்தைப் பதியும்போது ‘உங்கள் சாயலில் உள்ளவரோ உங்கள் போட்டோவோ போனைத் திறக்கக்கூடும்’ என்று போனே எச்சரிப்பதும் உண்டு. அவசரத்தில் ‘ஓகே’ அமுக்கிவிட்டுப் போய்விடுகிறோம்.

அப்படியானால் யாருக்கு எது?

அண்டி ஆபீஸில் வேலை செய்பவர்கள்: பெருவிரலை விட்டுவிடுங்கள். வேலையில் குறைவாகத் தேயும் விரலைப் பதியுங்கள். பெரும்பாலும் அது மோதிர விரலாகவோ சுண்டு விரலாகவோ இருக்கும். விரல் நுனியே வேண்டும் என்பதில்லை, கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்தும் பதியலாம். ஐபோனில் 5 ரேகைகள் வரை இடம் உண்டு. ஆண்ட்ராய்டு போன்களிலும் ஒன்றுக்கு மேல் பதியலாம். முன்பே சொன்னதுபோல் ஓய்வு கிடைத்தால் ரேகை வளரும், வேலை தொடங்கினால் தேயும். ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ லீவில் இருக்கும்போது பதிந்த விரல், வேலைக்குப் போன இரண்டாம் வாரம் ‘நீ யார்?’ என்று கேட்பதற்கு இதுதான் காரணம். அதனால் ஒரே விரலை லீவில் ஒரு தடவை, வேலை நாளில் ஒரு தடவை என்று இரண்டு இடத்தில் பதிந்துவைத்தால் தொல்லை குறையும்.

ரப்பர் வெட்டுக்குப் போகிறவர்கள்: சாதாரணக் கேமரா முகப் பூட்டு உங்களுக்கு உதவாது. இருட்டு ஒருபக்கம், தலையில் கட்டிய லைட் நேராகக் கேமராவில் அடிப்பது மறுபக்கம். விரலில் ஒட்டிய பால் படலத்தை உரித்துத் துடைத்துவிட்டால் கைரேகை வேலை செய்யும். ரேகை உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது.

மீனவர்கள், மழையில் பைக் ஓட்டுபவர்கள், பாத்திரம் தேய்ப்பவர்கள்: ஈர விரலோடு மல்லுக்கட்டுவதைவிட முகப் பூட்டு வசதி. ஆனால் ஆழம் அளக்கும் வகை போனில் இருந்தால் மட்டும். ஹெல்மெட்டைக் கழற்றாமல் முகம் எடுக்காது. முகத்தை மறைக்கும் உடை அணிபவர்களுக்கும் கைரேகையே எளிது.

ரேகை அறவே பதியாதவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள்: போனில் இருப்பது பலவீனமான முகப் பூட்டு என்றால் அதை நம்புவதைவிட 6 இலக்கப் பின் நம்பர் எவ்வளவோ மேல். அதைப் பின்தங்கிய வழி என்று நினைக்கத் தேவையில்லை. எல்லாப் பூட்டுக்கும் அடியில் உள்ள அஸ்திவாரமே அதுதான்.

ஏன் பின் நம்பர் அஸ்திவாரம்?

எந்தப் போனாக இருந்தாலும் ஆஃப் செய்து ஆன் செய்தால் முதலில் கேட்பது பின் நம்பரைத்தான். ஐபோனில் 5 தடவை முகமோ விரலோ தவறினால் பின் கேட்கும். 48 மணி நேரம் திறக்காமல் வைத்திருந்தாலும் கேட்கும். ஆண்ட்ராய்டில் உறுதியான கைரேகை வைத்திருந்தாலும் 72 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பின் கேட்கும். அதாவது விரலும் முகமும் நாளைக்குப் பத்து முறை கதவைத் திறக்க வைத்திருக்கும் சாவி. வீட்டின் பத்திரம் பின் நம்பர்தான். அது 1234 ஆகவோ, பிறந்த வருடமாகவோ இருந்தால் 30,000 புள்ளிகளில் முகத்தை அளந்தும் பயனில்லை.

சட்டமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரிடம் கைரேகை வாங்குவது, தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவது ஆகாது என்று 1961இல் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. பாஸ்வேர்டு அப்படியல்ல, அது மனதில் இருப்பதைச் சொல்லச் சொல்வது என்று 2022இல் டெல்லியில் உள்ள சிபிஐ சிறப்பு நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. போனின் பாஸ்வேர்டு பற்றிய சட்ட வாதம் இன்னும் நீதிமன்றங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

போனில் யாருடைய விரல் இருக்கிறது?

கைரேகையா முகமா என்பதைவிட, குமரி மாவட்ட வீடுகளில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. அம்மாவின் விரல் பதியவில்லை என்று மகனின் விரலைப் போட்டுக் கொடுத்த நாளிலிருந்து, அந்தப் போனைப் பொறுத்தவரை மகன்தான் உரிமையாளர். அம்மா தன் போனைத் திறக்க ஒவ்வொரு தடவையும் அவனைக் கூப்பிட வேண்டும், அல்லது பூட்டே இல்லாமல் வைத்திருக்க வேண்டும். கடையில் உதவி செய்த பையன், முன்பு அதே போனை வைத்திருந்த உறவுக்காரர் என்று யார் விரல் பதிந்திருந்தாலும் கதவு திறக்கும்.

இதுவரை ஒரு தடுப்பு இருந்தது. போன் திறந்தாலும் பணம் அனுப்ப யுபிஐ பின் தனியாக வேண்டும். ஆனால் 2025 அக்டோபரில், அந்தப் பின்னுக்குப் பதிலாகப் போனில் பதிந்த கைரேகையாலோ முகத்தாலோ பணம் அனுப்பும் வசதியை என்பிசிஐ அறிமுகப்படுத்தியது. இது கட்டாயமில்லை, வேண்டும் என்பவர்கள் தேர்ந்தெடுக்கலாம். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு நல்ல வசதிதான். ஆனால் தேர்ந்தெடுக்கும் முன், போனில் உங்கள் விரல் தவிர வேறு யாருடையதும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். புதிதாக ஒரு விரலைப் பதிந்தால் சில வங்கிச் செயலிகள் மறுபடி பின் நம்பர் கேட்பது இந்த ஆபத்துக்காகத்தான்.

செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. போனின் செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், கைரேகை என்ற இடத்தைத் திறங்கள். பின் நம்பர் கேட்கும். அது உங்களுக்கே தெரியவில்லை என்றால் முதல் வேலை அதைத் தெரிந்துகொண்டு மாற்றுவதுதான். உள்ளே ‘விரல் 1’, ‘விரல் 2’ என்று பட்டியல் இருக்கும். உங்கள் விரலைச் சென்சாரில் வைத்தால், பல போன்களில் எந்தப் பெயர் உங்களுடையது என்று மின்னிக் காட்டும். மின்னாததை அழித்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கையைக் கழுவி நன்றாகத் துடைத்து, தேயாத விரலாகப் பார்த்து உங்களுடையதைப் பதியுங்கள். முகப் பகுதியிலும் இதே சோதனையைச் செய்துவிடுங்கள்.

“எனக்கு ஒரு எழவும் தெரியாது, மக்கதான் எல்லாம் செய்யும்” என்று சொல்லும் அம்மாவுக்கு மகன், மகள் செய்யக்கூடிய உதவியும் இதுதான். தங்கள் விரலைப் போட்டுக் கொடுக்காமல், அம்மாவின் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். ஒன்றாவது பதியும். ஒன்றும் பதியாவிட்டால், அவருக்கு மறக்காத 6 இலக்கம் ஒன்றை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அவரையே அமுக்கச் சொல்லலாம்.